பொய்யாக்கூட ஒருத்தரும் வரல

அந்த சேர் வேணாங்க, அதுக்கு ஒரு கால் ஆடும். கட்டில்லயே உக்காருங்க. பையை கீழ வெச்சிடுங்க, பரவால்ல, காலையிலதான் தொடச்சேன். அம்மாவும் அப்பாவும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயி ரெண்டு மணி நேரம் ஆவுது. உங்க தம்பி பொண்ணு கவிநிலாவோட போட்டோ, ஸ்கூல் சர்ட்டிபிகேட்டு, எல்லாத்தையும் எடுத்துக்கினு போயிருக்காங்க. நான் ஹேமலதா. ஹேமான்னு கூப்புடுங்க. அஞ்சலாட்சியோட பொண்ணு. ஆமா, ஒரே பொண்ணுதான். எனக்கே சில சமயம் அதுல சந்தேகம் வந்துடும், அத விடுங்க.

உங்கள எப்டி கூப்புடறது? அத்தைன்னே கூப்புடவா? இல்ல, உங்க பேர வெச்சிக்கினு வந்துச்சே ஒரு பொம்பள, அது எங்க எல்லாரையும் தாந்த்னுதான் கூப்புடணும்னு சொல்லிடுச்சு. அத்தைன்னா பட்டிக்காடு மாதிரி இருக்காம். புருஷன்னு கூட வந்த செல்வகுமார தோந்தோன்னு சொல்லணும். எங்கப்பாவவிட பத்து வயசு சின்ன ஆளு அவரு. எங்கப்பாவே அவர தோந்தோன்னு கூப்புட்டாரு, பாவம். சித்தப்பான்னு அர்த்தம்னு அவருக்கு யாரும் சொல்லல. சரி, அத்தைன்னே கூப்புடறேன். உங்களுக்கு அது புடிக்குதுன்னு மூஞ்சியிலயே தெரியுது.

நீங்கதான் நெஜமான மேனகா அத்தைன்னு எனக்கு சந்தேகமே வரல. பாஸ்போர்ட்ட எல்லாம் உள்ள வெய்ங்க, நான் கேக்கவே மாட்டேன். வாசல்ல செருப்பக் கழட்டறப்பவே, இனியா பொண்ணு போட்டோ இருக்காம்மான்னு கேட்டீங்க பாருங்க. அது போதும். அந்தப் பொம்பள ஒரு நாளும் இனியான்னு சொல்லல. மொத நாளு வந்து கவிநிலாவ கட்டிப் புடிச்சிக்கினு, ஆதிமூலம், என் தம்பி ஆதிமூலம், உன் பொண்ண விட்டுட்டுப் போயிட்டியேன்னு அழுதுச்சு. கண்ணுல தண்ணி கொட்டுது. ஆதிமூலம் உங்க அப்பா பேரு. உங்க தம்பி பேரு இனியவன், வீட்டுல கூப்புடறது இனியா. உங்க குடும்ப புக்குல, லிவ்ரேன்னு சொல்லுவீங்களே, அதுல குடும்பப் பேரு முன்னாடி பெருசா எழுதியிருக்கும், சொந்தப் பேரு அப்பறம்தான். அதப் படிச்சிட்டு வந்தவங்க முன்னாடி இருக்கற பேர சொல்லி அழுதுட்டாங்க. பெத்த அப்பா பேர சொல்லி தம்பின்னு அழுவறாங்க.

எங்கம்மாவுக்கு அது படாம இல்ல. உள்ள வந்து எங்கிட்ட கேட்டுச்சு, என்னடி, தம்பின்னுட்டு என் தங்கச்சி மாமனார் பேர சொல்லுதேன்னு. அப்பறம் அதுவே பதிலும் சொல்லிக்கிச்சு. பாரீஸ்ல குடும்பப் பேர சொல்லித்தான் கூப்புடுவாங்க போல, முப்பது வருஷம் அங்க இருந்து இதுக்கும் பழகிப்போச்சுன்னு. இந்த ஊர்ல பிரெஞ்சு பேப்பர்ல எப்டி இருக்கோ அதான் சரின்னு நெனைக்கறவங்க நாங்க. எங்கப்பாவோட ஆதார் கார்டுல பேரு தப்பா இருந்தா சண்டைக்குப் போவாரு. பிரெஞ்சு பட்டாளத்துல இருந்த சொல்தா குடும்பத்துப் பேப்பர்ல என்ன இருந்தாலும் கும்புடுவாரு.

பேப்பர் எப்டி அவங்க கைக்குப் போச்சுன்னுதானே? எங்கப்பா ராமலிங்கம் இருக்காரே, அவரு வேலைதான். மில்லு மூடுனதுல இருந்து அபார்ட்மெண்ட்டுல வாட்ச்மேன். அங்க வர்ற யாரோ ஒருத்தர் பிரெஞ்சு பேப்பர் பாக்கற ஆளு ஒருத்தர சொல்லியிருக்காரு. மூணு வருஷத்துக்கு முன்னாடி இவரு போயி, இந்தப் பொண்ணோட தாத்தா சொல்தாவா இருந்தவரு, பென்ஷன் வாங்குனவரு, அப்பன் செத்துட்டான், அம்மாவும் செத்துட்டா, இதுக்கு நேஷனாலிட்டி வருமான்னு கேட்டு, லிவ்ரேவுல இருந்து அவ பர்த் சர்ட்டிபிகேட் வரைக்கும் ஜெராக்ஸ் குடுத்துட்டு வந்தாரு. அந்த ஆளு அப்பறம் கடைய காலி பண்ணிட்டாரு. உங்க பேரு, உங்க பொறந்த தேதி, உங்க தம்பி பேரு, இவ பேரு, எல்லாம் அதுல இருக்கு. எங்கப்பாவ திட்டாதீங்க. ரெண்டு நாளா அவரே அவர திட்டிக்கினு இருக்காரு.

காப்பி குடிங்க. சக்கர கம்மியாதான் போட்டேன்.

கோச்சிக்காதீங்க அத்தை, ஒன்னு கேக்கறேன். நீங்க ஒரு தடவையாச்சும் போன் பண்ணியிருக்கலாம் இல்ல? எங்க சித்தி சரிதா செத்தப்ப கவிக்கு எட்டு வயசு. இனியவன் சித்தப்பா கடலூர் ரோட்டுல வண்டியில அடிபட்டு செத்தப்ப இவளுக்கு மூணு. ம். கல்யாணத்துக்கு அப்பறம் தம்பிகூட பேச்சு வார்த்த இல்லையா. சரி. அண்ணன் தம்பி அக்கா தங்கச்சிக்குள்ள அப்டி வரும்தான். எனக்குத் தெரியும். யாரு பேசணும், யாரு பேசாம இருக்கணும்னு ஒரு வீம்பு வந்துடும், அப்பறம் வருஷம் போயிடும்.

அந்தப் பைல என்ன, அவளுக்கா? ஸ்வெட்டரா. காட்டுங்க. நல்லாருக்கு. ஆனா சின்னது, அவ போன வருஷமே ஒசரமாயிட்டா. எனக்கு சரியா இருக்கும் இது. இல்ல இல்ல, சும்மா சொன்னேன், உள்ள வெய்ங்க. அவளுக்குன்னு வாங்குனது அவளுக்குத்தான். இந்த வீட்டுல எப்பவும் அப்டித்தான்.

அவ எப்டின்னா கேக்கறீங்க? எப்டி சொல்றது. நல்லவ. எல்லாரும் அதான் சொல்லுவாங்க, நானும் சொல்லிடறேன். பதினேழு வயசு, பெரிய கண்ணு, அமைதியா பேசுவா. சிரிச்சா கன்னத்துல குழி விழும். உங்களுக்கும் விழுது, இப்பதான் பாத்தேன். எங்கம்மா அவள இந்த வீட்டுக்குக் கூட்டியாந்தப்ப எனக்கு பதிமூணு. அன்னிக்கு வரைக்கும் நான் அம்மாகூட ஒரே பாயில படுப்பேன். அன்னியிலிருந்து நடுவுல அவ. ஒரு வாரம் கழிச்சி எனக்குத் தனிப் பாய். பெரிய பொண்ணாயிட்டியாம். பதிமூணு வயசுல ஒரே வாரத்துல பெரிய பொண்ணாயிட்டேன் அத்தை.

தாயில்லாப் புள்ள. இது எங்கம்மா வாயில ஒரு நாளைக்கு நாப்பது தடவ வரும். வைத்திக்குப்பத்துல இருந்து எங்கப்பா வஞ்சிரம் வாங்கியாந்தா நடுத்துண்டு அவளுக்கு, ஏன், தாயில்லாப் புள்ள. அவளுக்கு பிரெஞ்சு சொல்லிக் குடுக்கற ஸ்கூலு, எனக்கு கவர்மெண்ட் ஸ்கூலு. அவளுக்கு பேப்பர் வரும்ல, பாஷ தெரியணும்ல. அவளுக்கு ஜொரம்னா எங்கம்மா லீவு போடும். எனக்கு ஜொரம்னா மாத்திரைய ஜன்னல்ல வெச்சிட்டுப் போவும். தாயில்லாப் புள்ள, தாயில்லாப் புள்ளன்னு சொல்லி சொல்லி என்னையும் தாயில்லாப் புள்ளையா ஆக்கிடுச்சு. இத நான் எங்கம்மாகிட்ட ஒரு தடவ சொல்லிட்டேன். அறைஞ்சிடுச்சு. அறைஞ்சிட்டு அதுவே உக்காந்து அழுதுச்சு. அப்பவும் வந்து சமாதானம் பண்ணது கவிதான்.

அதான் எனக்குத் தாங்காது. அவ கெட்டவளா இருந்தா எவ்வளோ வசதியா இருந்திருக்கும். நடுத்துண்ட எடுத்து பாதி என் தட்டுல வெப்பா. அம்மா பாக்காதப்ப வெச்சா பரவால்ல, பாக்கறப்ப வெப்பா. உடனே எங்கம்மா, பாருடி, எவ்வளோ பெரிய மனசுன்னும். அந்த மீனு எனக்கு தொண்டையில எறங்குமா? நீங்களே சொல்லுங்க.

கல்யாணமா? எனக்கு இருவத்திரெண்டு. பாக்க வந்தாங்க, வராம இல்ல. போன வருஷம் தையில உப்பளத்துல இருந்து வந்தாங்க. பையன் பேரு விஜய், ஏசி மெக்கானிக். ஃபோட்டோவுல பாத்து எனக்குப் புடிச்சிப்போச்சு. சொல்லவே கூச்சமா இருக்கு, ரொம்பப் புடிச்சிப்போச்சு. நான் பொடவ கட்டி தட்டு எடுத்துக்கினு வந்து நிக்கறேன். அந்த நேரம் பாத்து இவ ஸ்கூல் யூனிபார்ம்ல உள்ள வரா. யாரு இந்தப் பொண்ணுன்னு அந்தம்மா கேட்டுச்சு. எங்கம்மாவுக்கு அவ்வளோதான், பெருமை பொறுக்கல. என் தங்கச்சி பொண்ணு, சொல்தா பேத்தி, பதினெட்டு ஆனா பிரெஞ்சு பேப்பர் வந்துடும்னு எல்லாத்தையும் சொல்லிடுச்சு.

உங்களுக்குத் தெரியாதா இந்த ஊரு. பேப்பர் இருக்கற பொண்ண கட்டுனா மாப்பிள்ளையும் பாரீஸ் போயிடலாம். மறுநாளே தரகரு போன் பண்றாரு. சின்னப் பொண்ணுக்கு பதினெட்டு ஆவற வரைக்கும் நாங்க காத்திருக்கறோம், பெரிய பொண்ணுக்கு வேற எடம் பாத்துத் தரோம்னு. எங்கம்மா திட்டித் தொலச்சிடுச்சு. ஆமா, திட்டுச்சுதான். ஆனா என்ன சொல்லித் திட்டுச்சு தெரியுமா? என் தங்கச்சி பொண்ண உங்க வீட்டுக்குக் குடுக்கறதுக்கா வளத்தேன்னுச்சு. அத்தை, கொஞ்சம் யோசிச்சிப் பாருங்க. அதே வீட்டுக்கு என்னைக் குடுக்கலாம், அவளக் குடுக்கக் கூடாது. அந்தப் பையன் இப்ப லாஸ்பேட்டையில வேற பொண்ணக் கட்டிக்கிட்டான். அவன் கல்யாண ஃபோட்டோவ நான் முப்பது தடவையாவது பாத்திருப்பேன்.

சரி, விஷயத்துக்கு வரேன். நீங்க கேட்டது அவங்க வந்தத பத்தி.

ரெண்டு மாசத்துக்கு முன்னாடி, ஒரு சனிக்கிழமை. நெல்லித்தோப்புல எங்க தெருவுல கார் நுழையாது, முனையிலயே நிறுத்திட்டு நடந்து வந்தாங்க. வெள்ள பேன்ட்டு, கூலிங் கிளாஸு, சென்ட்டு வாசன நாலு வீட்டுக்கு அடிக்குது. நான்தான் மேனகா, இனிமே என் மருமவ அனாத இல்லன்னு வாசல்லயே சத்தமா சொன்னாங்க, தெரு பூரா கேக்கட்டும்னு. எங்கம்மா ஒடனே நம்பல, அது ஒன்னும் அவ்வளோ ஏமாளி இல்ல. தகரப் பொட்டியில இருந்து லிவ்ரேவ எடுத்து மடியில வெச்சிக்கினு ஒவ்வொன்னா கேட்டுச்சு. உங்கம்மா பேரு என்ன, உங்க தம்பி எந்த வருஷம் பொறந்தான், எந்த ஊர்ல. எல்லாத்துக்கும் பட்டு பட்டுன்னு பதில் வருது. வராதா பின்ன, அதே பொஸ்தகத்தப் படிச்சிட்டு வந்தவங்ககிட்ட அதே பொஸ்தகத்துல இருந்து கேட்டா. அதுல எழுதாத ஒன்னு கேட்டிருந்தா மாட்டியிருப்பாங்க. உங்க தம்பிய வீட்டுல எப்டி கூப்புடுவீங்கன்னு கேட்டிருந்தா போதும்.

நெறைய சாமான் கொண்டாந்தாங்க. சென்ட்டு, சோப்பு, சாக்லேட்டு நாலு டப்பா. எல்லாம் கவிக்கு. எனக்கு ஒரு சோப்பு. பரவால்ல, நான் அவங்களுக்கு யாரு.

நான் வேல செய்யற கடை தெரியாதுல்ல உங்களுக்கு? நேரு வீதி பக்கத்துல, ஃபாரின் சாமான் கடை. வெல ஸ்டிக்கர் ஒட்டறது என் வேல. அன்னிக்கு எல்லாரும் போனப்பறம் காலி டப்பாவ குப்பையில போடப் போறேன், அடியில நெகத்தால சொரண்டுன மாதிரி ஒரு ஸ்டிக்கர். ஆரஞ்சு கலரு. பாதி எண்ணு இருக்கு. எங்க கடை ஸ்டிக்கர் அத்தை. வியாழக்கிழமை நான் என் கையால ஒட்டுனது. பாரீஸ்ல இருந்து வந்த சாக்லேட்டு எங்க கடையில இருந்து வந்திருக்கு.

ஏன் சொல்லலன்னு பாக்கறீங்க. பாருங்க, தப்பில்ல. நானும் என்னைக் கேட்டுக்கினேன். மறந்துட்டு வந்திருப்பாங்க, வெறுங்கையோட வரக் கூடாதுன்னு இங்க வாங்கியிருப்பாங்கன்னு மொதல்ல சொல்லிக்கினேன். அப்டி எத்தினியோ பேரு எங்க கடைக்கு வருவாங்க, ஃபிளைட்ல எறங்கி நேரா எங்ககிட்ட வந்து பாரீஸ் சாமான் வாங்கிக்கினு சொந்தக்காரங்க வீட்டுக்குப் போவாங்க. அதனால அது பெரிய அதிசயம் இல்ல. ஆனா அந்தப் பொம்பள கடைக்கு வந்தப்ப நான் இருந்தேன். தமிழ் தவிர ஒரு வார்த்த பேசல. ஆட்டோக்காரர்கிட்ட முப்பது ரூபாய்க்கு சண்ட போட்டுச்சு. அது எனக்கு நல்லாவே ஞாபகம் இருந்துச்சு. எங்க வீட்டு வாசல்ல பாத்ததும் யாருன்னு தெரிஞ்சிப்போச்சு. அது என்னைப் பாக்கல. கடையில ஸ்டிக்கர் ஒட்டற பொண்ணு மூஞ்சிய யாரு பாக்கறாங்க.

நான் நெனச்சது என்னன்னா, போட்டும். இவங்க யாரா இருந்தா என்ன, இவள கூட்டிக்கினு போனா போதும். கெடுதல் வரும்னு நான் நெனைக்கல, சத்தியமா. புள்ள இல்லாத பணக்காரங்களா இருப்பாங்க, எங்கியோ நல்லா வெச்சிக்குவாங்க, எங்கம்மா எனக்கு திரும்பக் கெடைக்கும். இந்த அளவுக்குத்தான் நெனச்சேன். இதுக்கு மேல நெனைக்க நான் என்னை விடல.

அவங்க, கவிக்கு பதினெட்டு முடியறதுக்குள்ள பேர எழுதி வெக்கணும், இல்லன்னா பேப்பர் போயிடும்னு அவசரப்படுத்துனாங்க. சென்னையில மெடிக்கலு, அங்கிருந்து அப்டியே ஃபிளைட்டு. ஒரிஜினல் லிவ்ரே, பர்த் சர்ட்டிபிகேட்டு, உங்க அப்பாவோட பென்ஷன் பேப்பர், எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல போட்டு வாங்கிக்கினாங்க. இப்ப அதே பேப்பர்ல அவ பேர்ல வேற யாரோட பொண்ணோ உங்க ஊருக்குப் போவப் பாத்திருக்கு, பிரெஞ்சு ஆபீஸ்ல இருந்து உங்கள விசாரிச்சி லெட்டர் வரலன்னா யாருக்கும் தெரிஞ்சே இருக்காது. அதுல எங்கப்பா போன் நம்பர் இருந்தது நல்லதாப்போச்சு.

கெளம்புற அன்னிக்கு காலையில தெருவே வந்து நிக்குது. எங்கம்மா அவளுக்கு தலையில பூ வெச்சி, கன்னத்த வழிச்சி, சரிதா இருந்தா இத பாத்திருப்பாளேன்னு அழுவுது. கவி என்னை உள்ள கூப்புட்டா. இந்த கட்டிலு பக்கத்துலதான் நின்னா. கைய புடிச்சிக்கினு சொன்னா, ஹேமாக்கா, எனக்கு என்னமோ சரியாப் படல. அப்பா பேரக்கூட அவங்க சரியா சொல்ல மாட்டேங்கறாங்க. நீ போவாதன்னு ஒரு வார்த்த சொல்லு, நான் போவல.

நான் போன்னு சொன்னேன். சும்மா பயப்படாத, போயி நல்லா இரு, எங்கள மறந்துடாதன்னு சிரிச்சிக்கினே சொன்னேன். அவ என்னைக் கட்டிப் புடிச்சா. அவ முடியில எங்கம்மா வெச்ச மல்லிப்பூ என் மூக்குல குத்துது. அப்பவும் எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? என் பொறந்தநாளைக்குக்கூட எங்கம்மா இவ்வளோ பூ வாங்கலன்னுதான் தோணுச்சு.

அப்பறம் மூணு வாரம் போட்டோ வந்துச்சு அவ நம்பர்ல இருந்து. டவரு, ஆத்து மேல பாலம், நீட்டு ரொட்டி. எங்கம்மா அத தெரு பூரா காட்டுச்சு, ஒரு கிலோ லட்டு வாங்கி குடுத்துச்சு. ஒரு போட்டோவுலயும் அவ மூஞ்சி இல்ல. எனக்குத் தெரிஞ்சிது. கூச்சப்படுவா அந்தப் பொண்ணுன்னு எங்கம்மா சொல்லிக்கிச்சு. போனா? போன் பேசல, போட்டோதான் வரும். அவசரப்படாதீங்க, சொல்றேன்.

அந்த மூணு வாரத்த பத்தி சொல்லிடறேன். மொத வாரம் எங்கம்மா அழுதுக்கினே இருந்துச்சு. ரெண்டாவது வாரம் திடீர்னு என்னைப் பாத்துச்சு. என்னடி இப்டி எளச்சிட்டன்னு கேட்டுச்சு. நான் அஞ்சு வருஷமா இப்டித்தான் இருக்கேன். ராத்திரி பாய எடுத்துக்கினு வந்து என் பக்கத்துல போட்டுக்கிச்சு. கடைக்கு டிபன் கட்டிக் குடுத்துச்சு. ஞாயித்துக்கிழமை மதியம் என்னை மடியில படுக்க வெச்சி தலைக்கு எண்ண தேச்சிது. இருவத்திரெண்டு வயசு பொண்ணு நான், கண்ண மூடிக்கினு படுத்திருக்கேன், எங்கம்மா வெரலு என் தலையில. ஒம்போது வருஷம் கழிச்சி. நீங்க யாருகிட்டயாவது எதுக்காவது ஒம்போது வருஷம் காத்திருந்திருக்கீங்களா?

அவங்க வர்றாங்களான்னு பாக்கறீங்களா? இல்ல, அது பக்கத்து வீட்டு வண்டி. உக்காருங்க.

செவ்வாக்கிழமை நீங்க போன் பண்ணீங்க. நான்தான் மேனகா, நான் பாரீஸ விட்டு எங்கயும் வரல, என் தம்பி பொண்ணு எங்கன்னு கேட்டீங்க. எங்கப்பா ஸ்பீக்கர்ல போட்டிருந்தாரு. எங்கம்மா அப்டியே சரிஞ்சிடுச்சு. தண்ணி தெளிச்சி எழுப்புனோம். எழுந்ததும் என்னைப் புடிச்சிக்கிச்சு, விடவே இல்ல. என் மூஞ்சிய ரெண்டு கையிலயும் ஏந்திக்கினு, நீயாச்சும் இருக்கியேடி, எனக்கு நீயாச்சும் இருக்கியேன்னுச்சு. நான் என்ன பண்ணுவேன். அது வாயில இருந்து அத கேக்கத்தானே நான் இருந்தேன். அன்னிக்கு ஒரு வார்த்த சொல்லணும்னு வாய தொறந்தேன், இதக் கேட்டதும் மூடிக்கினேன்.

நான் ஒன்னு சொல்றேன், கோவப்படாதீங்க. அவளுக்குப் பொய்யா ஒரு அத்தை காரு வெச்சிக்கினு வராங்க. இப்ப நெஜமா ஒரு அத்தை ஃபிளைட்டு புடிச்சி வராங்க, ஸ்வெட்டர் வாங்கிக்கினு. எனக்குப் பொய்யாக்கூட ஒருத்தரும் வரல. இந்த வயசுல இதுக்குப் பொறாமப்படறேனேன்னு எனக்கே அசிங்கமா இருக்கு. இருந்தாலும் இருக்கு.

என்ன வார்த்த சொல்ல வாய தொறந்தேன்னா?

நீங்க மூணாவது தடவையா கேக்கறீங்க, அவ போன் பண்ணாளான்னு. பண்ணா. போன ஞாயித்துக்கிழமை. நான் எங்கம்மா மடியில படுத்திருந்தேன்னு சொன்னேன்ல, அப்பதான். அவ பேரு போன்ல வந்துச்சு. வீடியோ கால் போட்டு டவரு முன்னாடி நின்னு காட்டிக்கப் போறா, எங்கம்மா என்னைத் தள்ளிட்டு எழுந்து ஓடப் போவுதுன்னு நெனச்சேன். கட் பண்ணேன். மறுபடி வந்துச்சு, கட் பண்ணேன். மூணு தடவ. யாருடின்னு அம்மா கேட்டுச்சு, கம்பெனிக்காரன் கால்னு சொன்னேன். அப்பறம் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. சாயங்காலம் மாடிக்குப் போயி கேட்டேன்.

இந்தாங்க, போனு. காதுல வெச்சிக்குங்க, சத்தம் கம்மியா இருக்கும், பாத்ரூம்ல இருந்து பேசறா. பதினெட்டு செகண்டுதான். அம்பத்தூரு, தண்ணி டேங்க்குக்கு எதுரு வீடு, பச்ச கேட்டு, மேல மாடி. ரெண்டு கொழந்தைங்கள பாத்துக்கற வேல, வெளிய பூட்டிட்டுப் போறாங்க. அவ போன அவங்கதான் வெச்சிருக்காங்க, அன்னிக்கு மேச மேல விட்டுட்டாங்க போல. பெரியம்மாகிட்ட சொல்லாதக்கா, அது தாங்காது, நீ வாக்கான்னு சொல்றா பாருங்க, அதோட முடிஞ்சிடும்.

ஆமா. இன்னிக்கு வியாழக்கிழமை.

எந்திரிங்க அத்தை, அப்பாவுக்குப் போன் போடுங்க, போலீஸ்கிட்ட அட்ரஸ சொல்ல சொல்லுங்க. உங்க போன்லயே போடுங்க. நான் போட்டா எங்கம்மா எடுக்கும், அதுகிட்ட என்னால சொல்ல முடியாது. அவ ரெண்டு விஷயம் சொன்னா. பெரியம்மாகிட்ட சொல்லாத, நீ வா. அதுல ஒன்ன மட்டும் நான் சரியா செஞ்சேன்.